கால் இஞ்ச் சிரிப்பு

கதவுக்காரருக்கு மெலிசாக எதுவும் ஆகாது. டீ கெட்டியாக இருக்க வேண்டும், போர்வை கனமாக இருக்க வேண்டும், வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை நாலு ஆள் தூக்கும் கதவு நிலையைத் தனியாகத் தூக்க வேண்டும். முதல் இரண்டும் அவர் கையில் இருந்தன. மூன்றாவதில் மூத்த மகள் அவரை முந்திக்கொண்டாள். அவள் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திய ஆள், காற்றடித்தால் சட்டைக்குள் ஆடுகிற ஆள். கல்யாணம் முடிந்த கையோடு கதவுப் பட்டறை ஆட்கள் அவனுக்குச் சிராய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாமனார் மட்டும் வாய் நிறைய ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி வருத்தம்.

சிராயின் தொழில் அவருக்கு இன்னும் வருத்தம். அவன் பலகையில் முகம் அறுப்பவன். பார்க்கத் தையல் மெஷின் மாதிரி ஒரு மேசை ரம்பம். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் நூல் கனத்துக்கு ஒரு பிளேடு மேலும் கீழும் குதித்துக்கொண்டிருக்கும். புகைப்படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே தாளை வைத்து, முகத்தில் எது வெளிச்சம் எது நிழல் என்று பிரித்து வரைவது மனைவியின் வேலை. அந்தத் தாளைப் பலகையில் ஒட்டி, நிழல் உள்ள இடங்களை மட்டும் அறுத்து விழவைப்பது அவன் வேலை. பின்னால் கறுப்புத் துணியை வைத்தால், சற்று முன்புவரை ஓட்டைப் பலகையாக இருந்தது யாரோ ஒருவராகித் திரும்பிப் பார்க்கும். வீட்டின் முன் அறைதான் பட்டறை. சோற்றில் மரத்தூள், படுக்கையில் மரத்தூள், மனைவியின் புருவத்தில் மரத்தூள். இருவருக்கும் அது பழகிப்போய்விட்டது.

“அட்டை வேலை” என்பார் மாமனார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரு மழைக் காலையில், சாக்கில் சுற்றிய எதையோ அக்குளில் இடுக்கிக்கொண்டு, சிராயின் வாசலில் வந்து நின்றார். மகள் காய்கறி வாங்கப் போகிற நேரம் பார்த்து வந்திருந்தார் என்பது அவர் எட்டிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

“அவ இல்லையே?”

“இல்ல மாமா, கடைக்குப் போயிருக்கா. உள்ள வாங்க. நனைஞ்சிட்டீங்களே.”

“நான் நனைஞ்சா என்ன. மரம் நனையல.” சாக்கைப் பிரித்து மேசையில் வைத்தார். ஒரு இஞ்ச் கனத்தில் அருமையான தேக்குப் பலகை, கண்ணாடி மாதிரி இழைத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புகைப்படத்தை எடுத்து அதன் மேல் வைத்தார். “இவளை இதுல அறுத்துக் கொடுங்க மாப்பிள்ளை.”

இவள் என்றால் மாமியார். ஏதோ அடையாள அட்டைக்காக எடுத்த படம். படமெடுத்தவர் மேல் அத்தைக்கு அன்று என்ன கோபமோ, முறைத்துக்கொண்டிருந்தாள்.

சிராய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. மழை தொடங்கிய வாரத்தில் அத்தை பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊரில் இருக்கும் சின்ன மகள் வீட்டுக்குப் போனவள்தான், இன்னும் திரும்பவில்லை. போன் செய்தால் மகள்களோடு பேசுவாள். இவர் பேச்சு வந்தால் மட்டும், “சிக்னல் இல்ல” என்று வைத்துவிடுவாள்.

எல்லாம் ஒரு கதவால் வந்தது. கல்யாணமான புதிதில் மனைவிக்காகத் தன் கையால் கதவுக்காரர் செய்த சமையலறைக் கதவு. மூன்று விரல் கனம். கோட்டைக்குப் போட வேண்டியதைச் சமையலறைக்குப் போட்டுவிட்டு, ஆயுசுக்கும் அசையாது என்று பெருமைப்பட்டார். அசையாததுதான் பிரச்சினை. அத்தை அதைத் தோளால் இடித்துத்தான் திறப்பாள். ஒரு கையில் பாலும் மறு கையில் தட்டுமாக அவள் இடித்து இடித்து வலது தோளே சற்று இறங்கிவிட்டது. மெலிசா ஒரு கதவு போட்டுக் கொடுங்க என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் கேட்டபடி கதவு செய்து கொடுப்பவர் வீட்டில் மட்டும், “கதவுன்னா கதவா இருக்கணும்” என்று ஒரே பதிலைச் சொல்வார்.

இந்த மழையில் அது ஈரம் குடித்து ஊதிக்கொண்டது. அத்தை உள்ளே இருக்கும்போது சாத்தியது, சாத்தியதுதான். இழுத்தாள், அசையவில்லை. கத்தினாள், பின்கட்டுப் பட்டறையில் மெஷின் சத்தம். கரண்டிக் காம்பால் கதவைக் குத்தினாள். யாரும் வரவில்லை. உரித்து வைத்த வெங்காயத்துக்கு நடுவில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பசியெடுத்து வந்த கதவுக்காரர் வெளியிலிருந்து முட்டித் தள்ளித் திறந்தார். திறந்ததும் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தார். கரண்டி குத்திய பள்ளங்களை விரலால் தடவினார். தடவிக்கொண்டே கேட்டார்:

“கதவுக்கு ஒண்ணும் ஆகலையே?”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்தை ஏறிவிட்டாள்.

“மாமா,” என்றான் சிராய், பலகையைத் தடவிக்கொண்டே. “நீங்க ஒரு தடவை நேர்ல போய்ப் பேசினா…”

“என்ன பேசுறது? எனக்குப் பேச்சு வராது மாப்பிள்ளை, உங்களுக்கே தெரியும். மரத்துல ஏதாவதுன்னா செய்வேன். ஆனா முகமெல்லாம் நமக்கு வராது. உங்களுக்கு வருது.” இதைச் சொல்லும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. சிராய்க்கு நெஞ்சு குளிர்ந்துபோய், அடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்ல நாக்கு எழவில்லை. இருந்தாலும் முயன்றான்.

“மாமா, இது ஒரு இஞ்ச். இவ்வளவு கனத்துல இந்த பிளேடு வளையும். மேல நான் கோட்டுல போவேன், அடியில அது இஷ்டத்துக்குப் போகும். கருகும் வேற. மெலிசா ஒரு பிளைவுட்ல…”

“பிளைவுட்டா! என் பொண்டாட்டியையா?”

சிராய் பலகையை மெஷின் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மனைவி வந்து நடந்ததைக் கேட்டதும் முதலில் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள், பிறகு அடையாள அட்டைப் படத்தைத் தூக்கித் தூரப் போட்டாள். “இந்த மூஞ்சியை அனுப்பினா அம்மா அப்படியே திருப்பி அனுப்புவாங்க.” பெட்டியைக் குடைந்து தங்கள் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்றை எடுத்தாள். சிராய் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்த நொடியில் யாரோ எடுத்தது. அவன் கால் மட்டும் ஓரத்தில் தெரியும். நடுவில் அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வராது. இடது கன்னத்தில் மட்டும் உதட்டோரத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, மேலே வளைந்து, கண் பக்கம் போய்க் காணாமல் போகும். மயிரிழைக் கோடு.

“இந்தக் கோடுதாங்க அம்மா,” என்றாள் மனைவி பென்சிலைத் தீட்டிக்கொண்டே. “இது விழுந்தா அம்மா. விழலைன்னா யாரோ ஒரு பொம்பளை.”

தாளை ஒட்டி, துளையிட்டு, பிளேடை மாட்டி, அந்தத் தேக்கை அறுக்க அவன் பட்ட பாட்டை அந்தத் தெருவே மூக்கால் அறிந்தது. கருகல் வாடை. பிளேடு பிளேடாக உடைந்தது. காதோரத் தலைமுடியை ஒருவழியாகக் கடந்து கன்னத்துக் கோட்டுக்கு வந்தபோது அவனுக்கு வியர்த்துவிட்டது. மேலே மயிரிழையாகப் போன கோடு, பலகையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கயிறு கனத்துக்குக் கோணிக்கொண்டு போயிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. கறுப்புத் துணியை வைத்துச் சுவரில் சாய்த்ததும்தான் உண்மையான கோளாறு தெரிந்தது. நேரே நின்று பார்த்தால் அத்தை சிரிக்கிற மாதிரி இருந்தது. ஒரு அடி தள்ளி நின்றால், அறுத்த பள்ளத்தின் கனமான சுவர் குறுக்கே வந்து அந்தக் கோட்டை மறைத்துவிட்டது. உதடு இறங்கி, கண் இடுங்கி, ஆள் மாறிப்போனாள்.

கதவுக்காரர் வந்து பார்த்தார். நேரே பார்த்தார், பக்கத்தில் போய்ப் பார்த்தார், மறுபக்கம் போய்ப் பார்த்தார்.

“அவளேதான்,” என்றார்.

“அப்பா! அம்மா இப்படியா முறைப்பாங்க?”

“உன்னை முறைச்சிருக்க மாட்டா. நான் பார்த்திருக்கேன்.” இன்னும் ஒரு தடவை பக்கவாட்டில் போய்ப் பார்த்துவிட்டுச் சட்டென்று இந்தப் பக்கம் வந்துவிட்டார். “இல்ல, இது வேணாம். இதைப் பார்த்தா எனக்கே வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு.”

அடுத்து சிராய் யாரையும் கேட்கவில்லை. மூன்று எம்.எம். பிளைவுட்டை எடுத்தான். அது எதிர்மாறான தொல்லை. பிளேடு பல்லை வைத்ததும் ஓடும். கோட்டில் நிறுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் கன்னம் காதுவரை போய்விடும். ஆனால் அவன் கை அன்று நன்றாக இருந்தது. கோடு விழுந்தது. தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அத்தை சிரித்தாள். மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அவன் தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டாள். அவர்கள் வீட்டில் அதுதான் பெரிய பாராட்டு.

அன்று சாயங்காலம் கதவுக்காரர் உள்ளே வந்து படத்தைக் கண்டதும் அப்படியே நின்றார். மழைத்தண்ணீர் அவர் சட்டையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கிட்டே வந்து இரண்டு கையாலும் அதை எடுத்தார்.

“மாமா, மெதுவா…”

அவருக்குத் தெரிந்த மெதுவே அவ்வளவுதான். கதவைப் பிடித்தே பழகிய கை. கட்டைவிரல் கன்னத்தில் பதிந்ததும் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. கோட்டுக்குக் கீழே இருந்த சன்னத் துண்டு, இரண்டு தலைமுடிகளோடு அவர் உள்ளங்கையில் கிடந்தது. கன்னம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை.

அவர் முகம் முதலில் வெளிறியது. உடனே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு வேறு வழி தெரியாததால், பழைய பாட்டையே எடுத்தார்.

“நான் அப்பவே சொன்னேன். மெலிசு நிக்காதுன்னு. தொட்டதுக்கே போயிடுச்சு. இதெல்லாம் ஒரு மரமா?”

சிராய் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் மனைவி குனியவில்லை.

“தொட்டதுக்கே போச்சா? நீங்க தொட்டா எதுதான்பா நிக்கும்? அம்மா ஏன் போனாங்கன்னு இன்னுமாவது தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாம என்ன. கதவு மாட்டிக்கிச்சு. மழைக்கு மரம் ஊதும், அதுக்கு நான் என்ன பண்ண? திறந்துதானே விட்டேன்.”

“திறந்து என்ன கேட்டீங்க?”

“என்ன கேட்டேன்?”

அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. அது மகளுக்கும் தெரிந்தது. அதனால் அவள் குரல் இறங்கிவிட்டது.

“கதவுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டீங்கப்பா. அம்மா நாள் முழுக்க உள்ள உட்கார்ந்து, மயக்கம் வந்து, அழுது… நீங்க வந்து கதவைத் தடவினீங்க. அம்மா மூஞ்சியைப் பார்க்கவே இல்ல. அதைச் சொல்லும்போது அம்மா அழக்கூட இல்லப்பா. சிரிச்சாங்க. எனக்குத்தான் தாங்கல.”

கதவுக்காரர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். மூலையில் வைத்த குடையை எடுக்காமலே மழையில் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மகள் கொடுத்தனுப்பும் தூக்குச்சட்டி பக்கத்து வீட்டு ஆள் மூலமாகக் கழுவித் திரும்பி வந்தது, அவர் சொன்ன சேதி என்று எதுவும் வரவில்லை. “ரொம்பப் பேசிட்டேனோ?” என்று மனைவி காலையில் கேட்பாள். “பேசத்தானே வேணும்,” என்பான் இவன். சாயங்காலம் மறுபடியும் கேட்பாள். கடைசியில் சோற்றையும் நாலு பொரித்த முட்டையையும் கட்டிக் கொடுத்து, “நீங்களே போய்ப் பார்த்துட்டு வாங்க. திட்டினா வாங்கிக்குங்க” என்று அனுப்பினாள்.

மாமனார் வீட்டில் சமையலறை வாசல் வெறுமையாக இருந்தது. கதவு இல்லை. ஒரு சாக்கை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். அடுப்படியில் வெங்காயத் தோலும், பாதி ரொட்டியும், அடிப்பிடித்த ஒரு பாத்திரமும் கிடந்தன. பின்கட்டுப் பட்டறையில், நான்கு முட்டுக்கட்டைகளின் மேல் அந்தக் கதவு சட்டம் வேறு பலகை வேறாகப் பிரித்துக் கிடந்தது. பக்கத்தில் கதவுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார்.

“வாங்க மாப்பிள்ளை.” முட்டையைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். இரண்டாவது முட்டையில் கேட்டார், “சரியான கனம் எவ்வளவு?”

“எதுக்கு மாமா?”

“அவளுக்கு.”

சிராய் இரண்டு விரலைச் சேர்த்து அளவு காட்டினான். “ஆறு எம்.எம். மாமா. உங்க கணக்குல கால் இஞ்ச்.”

“ஒரு இஞ்ச்ல கோடு மறையுது, அது எனக்கும் தெரிஞ்சது. மூணுல உடையுது. சரி. கால் இஞ்ச்ல ரெண்டும் ஆகாதா?”

“ஆகலாம். கை தப்பினா எதுவும் ஆகலாம். ஆனா கால் இஞ்ச்ல பிளேடு கொஞ்சம் எதிர்ப்போட போகும், ஓடாது. வளையாது. பக்கத்துல நின்னு பார்த்தாலும் கோடு தெரியும். கைல எடுத்தாலும் தாங்கும்.” கொஞ்சம் தயங்கி, “உங்க கையையும் தாங்கும் மாமா,” என்றான்.

கதவுக்காரர் சிரித்துவிடுவார் போலிருந்தது, ஆனால் வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டு எழுந்து, பலகைகளில் ஒன்றைத் தூக்கி அவன் முன் போட்டார்.

“இதுலருந்து எடுங்க.”

“இதுவா? மாமா, இது கதவு!”

“கதவுதான். மில்லுல கொடுத்து நாலு பலகையையும் உடம்பைக் குறைச்சுக் கொண்டு வரலாம். ஒரு விரல் கனத்துக்குக் கதவு மாட்டிடுறேன். இந்தப் பலகைல மட்டும் உள்பக்கத் தோலை உங்களுக்குக் கால் இஞ்ச்ல வாங்கிக்குங்க.” அவர் பலகையைத் திருப்பினார். கரண்டிக் காம்பு குத்திய பள்ளங்கள் ஓரமாக, மேலும் கீழுமாகக் கிடந்தன. சில ஆழமாக, போகப்போக ஆழம் குறைந்து, கடைசியில் கீறல் மாதிரி. கை சோர்ந்துபோனது அதிலேயே தெரிந்தது. அவர் விரல் அதன் மேல் போய் நின்றது.

“இதை இழைச்சுடாதீங்க மாப்பிள்ளை. இப்படியே இருக்கட்டும்.”

பலகைகளைத் தள்ளுவண்டியில் வைத்து, மேலே தார்ப்பாயைப் போர்த்தி, மாமனார் இழுக்க மருமகன் தள்ள இருவரும் மர மில்லுக்குப் போனார்கள். மில்லில் இருந்தவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். “அண்ணே, இது உங்க வீட்டுக் கதவுல்ல? இதை அறுக்கச் சொல்றீங்களா? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“அறுய்யா,” என்றார் கதவுக்காரர். “கனம் கூடிப்போச்சு.”

ரம்பப் பட்டை பலகைக்குள் நுழைந்தபோது அவர் வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றுகொண்டார். நாலு பலகையும் முடியும்வரை திரும்பவில்லை. தன் ஆயுளில் மரத்தை அறுக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது அது ஒரு தடவைதான்.

முழு மரத்தில் மெலிசாக முகம் அறுப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. பிளைவுட் மாதிரி இல்லை, அதற்கு நார் ஓடுகிற திசை, ஓட்டம், இருக்கிறது. ஓட்டத்துக்குக் குறுக்கே சன்னமாக ஒரு துண்டை விட்டால் ரொட்டி மாதிரி உதிரும். சிராயும் மனைவியும் தாளைப் பலகையின் மேல் வைத்து, திருப்பி, நகர்த்தி, ஒரு நாள் காலை முழுவதும் சண்டை போட்டார்கள். முடி நீளவாக்கில் போக வேண்டும் என்றான் அவன். கோட்டை அசைக்கக் கூடாது என்றாள் அவள். முடிவில் முடியைக் கொஞ்சம் மாற்றி வரைந்தாள், கன்னத்துக் கோட்டுக்குக் கீழே அறுக்காமல் ஒரு சின்னப் பாலம் விட்டாள், குத்துப் பள்ளங்கள் முகத்தில் படாமல் வலது ஓரத்தில் வரிசையாக வருகிற மாதிரி வைத்தாள். அடியில் ஒரு கழிவு பிளைவுட்டை ஒட்டிக்கொண்டு அவன் மெஷினைப் போட்டான். பழைய தேக்கின் வாடை அறை முழுவதும் பரவியது. அதோடு லேசாக எண்ணெய், புகை, வதக்கிய வெங்காயம். “அம்மா சேலை வாசனை,” என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சின்ன மகள் வீட்டுக்கு அவர்கள் இருவரும்தான் போனார்கள். கதவுக்காரரைக் கூப்பிட்டதற்கு, வேலை இருக்கிறது என்றார். அத்தை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்துப் படத்தை மடியில் வைத்ததும் எட்ட வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள்.

“நல்லா இருக்கே. மாப்பிள்ளை வேலைன்னா சும்மாவா. நான் இவ்வளவு அழகாவா இருக்கேன்?”

“அப்பா செய்யச் சொன்னாரும்மா.”

“ஓ.” அத்தை படத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கிழங்கை எடுத்தாள். “மெஷினும் மாப்பிள்ளையும் இருந்தா யாரும் செய்யச் சொல்லலாம்.”

இதற்கு மேல் செய்ய சிராயிடம் எதுவும் இல்லை. சின்ன மகள் டீ கொண்டுவந்து வைக்க இடமில்லாமல் நிற்க, அத்தை படத்தை மறுபடி எடுத்தாள். எடுத்த விரல் ஓரத்துப் பள்ளத்தில் பட்டது. அடுத்ததிலும் பட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓரம் முழுவதையும் தடவினாள். மூக்குக்கிட்ட கொண்டுபோனாள்.

“மாப்பிள்ளை, இது என்ன மரம்?”

“தேக்கு அத்தை.”

“அது தெரியுது. எந்தத் தேக்கு?”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள். “சமையலறைக் கதவும்மா.”

“கதவை அறுத்தாரா? அவரா?”

“அவரேதான். இந்தப் பள்ளத்தை இழைச்சுடாதீங்கன்னு சொன்னதும் அவர்தான்.”

அத்தை படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. இறங்கிய வலது தோள் இரண்டு தடவை குலுங்கியது. பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, யார் மேலோ பழி போடுகிற குரலில் கேட்டாள்:

“அப்ப அந்த மனுஷன் இந்த மழையில கதவே இல்லாத வீட்டுலயா இருக்கார்? என் பையை எங்க வச்ச?”

மகள் அப்பாவுக்குப் போனில் சேதி சொன்னாள். பஸ்ஸில் வழிநெடுக அத்தை படத்தைக் கொடுக்கவில்லை. வீட்டு வாசலுக்கு வந்தபோதும் இடது அக்குளில்தான் இருந்தது, இரண்டு கையிலும் பைகள். வீட்டில் சத்தமே இல்லை. கூடத்தைத் தாண்டினால் சமையலறை வாசலில் கதவு மாட்டியிருந்தது, சாத்தியிருந்தது. பார்வைக்கு அதே கதவு, அதே பலகை, அதே பித்தளைப் பிடி. உள்ளே டம்ளர் ஒன்று மெதுவாக ஒலித்தது.

அத்தைக்கு யோசிக்கவெல்லாம் நேரமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கதவை எப்படித் திறந்தாளோ அப்படியே திறந்தாள். காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, வலது தோளால் ஓங்கி ஒரு இடி.

கதவு பறந்தது. பின்னால் அத்தையும் பைகளோடு உள்ளே பாய்ந்தாள். அவள் திறக்கிற சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று கதவுக்குப் பின்னாலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்ற கதவுக்காரருக்கு மூக்கிலேயே விழுந்தது அடி. அவர் கையிலிருந்த டீ முழுவதும் சட்டையில். அவருக்கு ஆகவே ஆகாத தண்ணி டீ, அத்தை குடிக்கிற பதத்தில் போட்டது.

“ஐயோ அப்பா!” என்று மகள் ஓடினாள். சிராய் பைகளைப் பிடித்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு கதவுக்காரர் மேடையில் சாய்ந்து நின்றார். கண்ணில் தண்ணீர்.

அத்தை தடுமாறி நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். டீ சொட்டுகிற சட்டையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, இன்னும் ஆடிக்கொண்டிருந்த கதவை ஒற்றை விரலால் நிறுத்தினாள். மேலிருந்து கீழாக அதை அக்கறையாகத் தடவிக்கொடுத்தாள்.

“கதவுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றாள்.

மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இல்ல,” என்றார் கதவுக்காரர், மூக்கைப் பிடித்த குரலில். “உனக்கு? உனக்கு ஏதும் ஆகலையே?”

அத்தைக்கு உதடு துடித்து, அடக்கிப் பார்த்து, அடங்காமல் வெடித்துவிட்டது சிரிப்பு. இடது உதட்டோரத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, மேலே வளைந்து, கண் பக்கம் போய்க் காணாமல் போனது.

கதவுக்காரர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கோட்டையே பார்த்தார். அத்தையின் அக்குளில் இருந்த படத்தை மெதுவாக, நிஜமாகவே மெதுவாக, இரண்டு விரலால் உருவி எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு அடி தள்ளி நின்றும் பார்த்தார்.

“மாப்பிள்ளை,” என்றார், “கோடு சரியாத்தான் வந்திருக்கு.”

அந்த ‘மாப்பிள்ளை’யில் வருத்தம் ஒரு துளிகூட இல்லை.